ஏழாம் இரவு: ‘சீனக் காதலர் தினம்’ என்று சொல்வது சரியா?

கோதை_சிங்கை | 27 ஆகஸ்ட் 2025, இரவு 9:10

எல்லோருக்கும் பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்துகள். கொழுக்கட்டை வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

நாளை மறுநாள், 29-ஆம் தேதி, இங்கே சிங்கப்பூரில் சீனர்களுக்கு ‘ச்சீ-ஷீ’. ஏழின் இரவு என்று பொருள். அவர்களுடைய ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள். எம்ஆர்டி ரயில் நிலையங்களில், கடைத்தொகுதிகளில் எங்கே திரும்பினாலும் ரோஜாவும் சாக்லேட்டும் ஜோடி மோதிரமும்தான். ‘சீனக் காதலர் தினம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கான்டோனீஸ்காரர், எண்பது வயது. “அது காதலர் நாள் இல்லை, ஏழு அக்கா தங்கைகளின் நாள்” என்றார். அவருடைய பெரியம்மா ‘ஆமா’வாக, அதாவது வீட்டு வேலைப் பெண்ணாக இருந்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தென் சீனாவில் குவாங்டோங்கின் ஷுண்டே பக்கத்துப் பட்டுத் தொழிலில் சொந்தமாகச் சம்பாதித்த பெண்கள் பலர், கல்யாணமே வேண்டாம் என்று சபதம் செய்து, கூந்தலைத் தாங்களே வாரிக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். 1930-களில் பட்டுத் தொழில் படுத்தபோது அவர்களில் நிறையப் பேர் கப்பலேறி சிங்கப்பூர், மலாயா வந்து வீட்டு வேலைக்குச் சேர்ந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பெண்களுக்குத்தான் இந்த ஏழாம் இரவு பெரிய திருநாள். சங்கம் வைத்து மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். சைனாடவுனில் மேசை போட்டு, ஆண்டு முழுக்கத் தாங்கள் செய்த கைவேலையை அடுக்குவார்கள். விரல் நீளத்துக்குப் பூவேலை செய்த செருப்பு, பொம்மைக்குத் தைத்த சட்டை, காகிதப் பூ. கூடவே சீப்பு, கண்ணாடி, முகப்பவுடர். பூஜை முடிந்ததும் பவுடரில் பாதியைக் கூரைமேல் எறிவார்கள், அது வானத்து அக்கா தங்கைகளுக்கு. மீதிப் பாதியைத் தாங்கள் பூசிக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் நின்றுபோனது.

கல்யாணமே வேண்டாம் என்றவர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருந்து கொண்டாடிய நாளைக் காதலர் தினம் என்று சொன்னால் அது சரிதானா? இன்னொன்று: ஏழாம் மாதம் முழுக்க இங்கே பசித்த ஆவிகளின் மாதம். பல குடும்பங்கள் அந்த மாதத்தில் கல்யாணமே வைப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்செழியன்_மதுரை | 27 ஆகஸ்ட், இரவு 10:42

கோதை அம்மா, நல்ல கேள்வி. ஆனால் முடிவுக்கு வேகமாக வந்துவிட்டீர்கள். நான் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். ஆசியப் பழங்கதைகளில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

முதலில் கதை. வானத்தில் நெசவு செய்யும் பெண், நீங்கள் சொன்ன ஏழு அக்கா தங்கைகளில் ஒருத்தி. பூமியில் மாடு மேய்ப்பவன். இருவரும் சேர்கிறார்கள், பிரிக்கப்படுகிறார்கள். நடுவே வெள்ளி ஆறு, அதாவது நாம் சொல்லும் ஆகாய கங்கை. வருடத்தில் ஒரே இரவு, ஏழாம் மாதம் ஏழாம் நாள், மேக்பை பறவைகள் இறக்கை கோத்துப் பாலம் போட, அதன்மேல் நடந்து சந்திக்கிறார்கள். (மேக்பை என்பது கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வால் கொண்ட காக்கை இனம், நம்மூர் வால்காக்கைக்கு உறவு.) அந்த மாதத்தில் மேக்பையின் தலையில் இறகு உதிர்ந்திருந்தால் ‘மிதிபட்ட தலை’ என்பார்கள். மழை பெய்தால் அது அவர்கள் கண்ணீர். இதைக் காதல் கதை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பழமையும் குறைந்ததில்லை. 1975-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுயிஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 217-இல் இறந்த ஒரு சிறு அதிகாரியுடையது. உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேலான மூங்கில் ஏடுகள். சட்டங்களோடு, நல்ல நாள் கெட்ட நாள் சொல்லும் பஞ்சாங்கம் மாதிரி ஒரு தொகுப்பும் இருந்தது. அதில் மாடோட்டி நெசவுப் பெண்ணை மணந்த செய்தி வருகிறது. ஆக, இருவருக்கும் கல்யாணம் என்ற பேச்சு 2,200 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் கைவேலைச் சடங்குக்கு அவ்வளவு பழைய சான்று கிடையாது.

அப்புறம் தாங் காலம். கவிஞர் பாய் ஜூயி 806-இல் எழுதிய புகழ்பெற்ற நெடும்பாடலில், பேரரசர் ஷுவான்சோங்கும் அவருடைய ஆசை மனைவி யாங் குயிஃபெய்யும் பிரியமாட்டோம் என்று நள்ளிரவில் யாரும் இல்லாத நேரத்தில் சபதம் செய்கிறார்கள். எந்த நாளில்? ஏழாம் மாதம் ஏழாம் நாள்! வணிகர்கள் நேற்றுக் கண்டுபிடித்த காதல் இல்லை இது.

வானம்பாடி_கரூர் | 27 ஆகஸ்ட், இரவு 11:30

வணக்கம். எனக்கு வரலாறு தெரியாது, வானம் தெரியும். இந்தக் கதை நடக்கும் இடம் உங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும் என்று சொல்லத்தான் வந்தேன்.

இந்த மாதத்தில் இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில், நல்ல வெளிச்சமாக ஒரு நட்சத்திரம். அதற்கு இரண்டு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று, மூன்றும் ஒரே கோட்டில். நடுவில் இருப்பது ஆல்டேர். நம் பஞ்சாங்கத்தில் இந்த மூன்றும் சேர்ந்ததுதான் திருவோணம். சீனர்களுக்கு நடுவில் இருப்பவன் மாடு மேய்ப்பவன், பக்கத்தில் இருக்கும் இரண்டும் அவன் பிள்ளைகள். மனைவியைத் தேடிப் போகும்போது கூடைக்கு ஒன்றாகப் பிள்ளைகளை வைத்து, கம்பில் மாட்டித் தோளில் சுமந்து போகிறான். நம் காவடியேதான். ‘காவுகம்பு நட்சத்திரம்’ என்றே அங்கே கிராமத்தில் பெயர் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், திருவோணத்துக்குத் தமிழில் இருக்கும் பழைய பெயர்கள்: முக்கோல், உலக்கை. அவர்கள் அந்த மூன்று நட்சத்திரத்தில் ஒரு கம்பைப் பார்த்தார்கள், நாமும் ஒரு கம்பைத்தான் பார்த்திருக்கிறோம். யாரிடமிருந்தும் யாரும் வாங்கியதாக நான் சொல்லவில்லை. ஒரே வானம், ஒரே கோடு.

அங்கிருந்து வடக்கே திரும்பினால் இன்னும் பளிச்சென்று, நீலம் கலந்த வெள்ளையில் வேகா. அவள்தான் நெசவுப் பெண். நம் மரபில் அபிஜித். 27-இல் சேராமல் விடுபட்ட 28-ஆவது நட்சத்திரம். மகாபாரதத்தின் வன பர்வத்தில், ரோகிணியின் தங்கை அபிஜித் போட்டி மனத்தோடு தவம் செய்யக் காட்டுக்குப் போய்விட்டதாகவும், வானத்தில் அவள் இடம் காலியானதாகவும் இந்திரன் முருகனிடம் சொல்வான். அங்கேயும் அவள் கதை பிரிவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஆகாய கங்கை ஓடும். டெனெப் என்ற மூன்றாவது நட்சத்திரம் அதற்குள்ளேயே நிற்கும். அந்தப் பகுதிக்குச் சீனப் பெயர் ‘விண் துறை’, ஆற்றைக் கடக்கிற துறை.

தேதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இது வளர்பிறைச் சப்தமியை ஒட்டிய நாள். அமாவாசை நாளையே அவர்கள் முதல் நாள் என்று எண்ணுவதால் நமக்கு ஒரு நாள் முந்தும். இன்று நமக்குச் சதுர்த்தி, அவர்களுக்கு ஐந்தாம் நாள். இந்த வருடம் அவர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் பண்டிகை இவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது. ஏழாம் நாள் நிலவு பாதி உருவத்தோடு இருந்து, நள்ளிரவுக்கு முன்பே மறையும். அதுவரை வெளிச்சத்தில் மங்கிக் கிடந்த ஆகாய கங்கை அப்போதுதான் துலங்கும்.

இருவருக்கும் இடையே உண்மையான தூரம் சுமார் 15 ஒளியாண்டு.

சுமதி_ஈரோடு | 28 ஆகஸ்ட், காலை 6:50

கோதை அக்கா, நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்குக் கழுத்து, கை எல்லாம் போட்டுக் கொடுப்பேன். நீங்கள் கைவேலை என்று சொன்னதும் தூக்கம் போய்விட்டது. சந்திப்பது காதலர்கள் என்றால் ஊசியும் நூலும் எங்கிருந்து வந்தன? என்னதான் செய்வார்கள் அந்த இரவில்? விவரமாகச் சொல்லுங்கள்.

கோதை_சிங்கை | 28 ஆகஸ்ட், மதியம் 1:05

சுமதி, உங்களுக்காகவே நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

அந்த இரவுக்கு இன்னொரு பெயர் ‘ச்சி-ச்சியாவ்’, அதாவது கைத்திறம் வேண்டுவது. நெசவுப் பெண் வானத்தின் தேர்ந்த கைக்காரி. வருடத்தில் ஒரு முறை மனசு நிறைந்து இருப்பாள். அப்போது கேட்டால் கொடுப்பாள் என்பது நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டில் ஸோங் லின் என்பவர் நடுச் சீனாவின் ஜிங்-சூ வட்டாரத்தின் ஆண்டுப் பழக்கங்களை எழுதி வைத்திருக்கிறார். அன்று வீட்டுப் பெண்கள் வண்ண நூல் எடுத்து, ஏழு துளை ஊசியில் கோப்பார்கள். ஊசி பொன், வெள்ளி, பித்தளை என்று வசதிக்குத் தக்கபடி. முற்றத்தில் பழம் வைப்பார்கள். வைத்த பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தால் வேண்டுதல் பலித்தது என்று அர்த்தம்.

தாங் அரண்மனையில் சிலந்தியைச் சிறு பெட்டிக்குள் விட்டு மூடி, விடிந்ததும் திறந்து பார்ப்பார்களாம். வலை நெருக்கமாக இருந்தால் நிறையக் கைத்திறம், இடைவெளியாக இருந்தால் கொஞ்சம்தான்.

எனக்குப் பிடித்தது பெய்ஜிங் பழக்கம். மிங் காலத்துக் (1368–1644) குறிப்பு இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வெயிலில் வைப்பார்கள். மேலே மெல்லிய ஆடை படிந்ததும் ஊசியை மெதுவாக அதன்மேல் மிதக்க விடுவார்கள். அப்புறம் பார்ப்பது ஊசியை அல்ல, கிண்ணத்தின் அடியில் விழும் நிழலை. மேகம் மாதிரியோ பூ மாதிரியோ கத்தரிக்கோல் மாதிரியோ தெரிந்தால் பெண்ணுக்குக் கை வாய்த்திருக்கிறது. உலக்கை மாதிரித் தடியாகவோ நூல் மாதிரி ஒல்லியாகவோ விழுந்தால் இல்லை.

பலகாரமும் உண்டு. மாவும் சர்க்கரையும் பிசைந்து அச்சில் வெட்டி எண்ணெயில் பொரிப்பது. ‘திறப் பலகாரம்’ என்றுதான் பெயர்.

நெடுஞ்செழியன் ஐயா, நீங்கள் காட்டிய மூங்கில் ஏட்டைப் பற்றித் தேடிப் பார்த்தேன். அவர்கள் மணந்த நாள் என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நாளில் பெண் எடுக்கக் கூடாது, எடுத்தால் நிலைக்காது என்றுதானே அது சொல்கிறது? அந்த ஜோடியைக் கல்யாணத்துக்கு ஆகாத ஜோடியாகத்தானே அந்தப் பஞ்சாங்கக்காரர் பார்த்திருக்கிறார்!

செந்தில்_சென்டாய் | 28 ஆகஸ்ட், மாலை 4:20

ஜப்பானிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதே கதைதான் ‘தானாபாதா’. பேரரசி கோகென் காலத்தில், 755-இல், சீனத்துச் சடங்காக அரண்மனைக்கு வந்தது என்பார்கள். எடோ காலத்தில் (1603–1868) அரசு அங்கீகரித்த ஐந்து பருவ விழாக்களில் ஒன்றானது.

1873-இல் ஜப்பான் ஆங்கிலக் காலண்டருக்கு மாறியபோது ஜூலை 7 என்று நிலைத்துவிட்டது. அது மழைக்காலம். வானம்பாடி அண்ணா சொன்ன நட்சத்திரங்களை அன்று பார்ப்பது அபூர்வம். எங்கள் சென்டாயில் பழைய காலண்டருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6, 7, 8 தேதிகளில் வைக்கிறார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் மூன்று நாளும் போனேன். கடைத்தெரு நெடுகிலும் மூங்கிலில் இருந்து காகிதத் தோரணங்கள் ஆளுயரத்துக்கும் மேலான நீளத்தில் தொங்கும். நடக்கும்போது தோளில், முகத்தில் உரசும். நெசவுப் பெண்ணின் நூல்தான் அந்தத் தோரணம். மேலே இருக்கும் பூப்பந்து மட்டும் புதியது, போர் முடிந்த அடுத்த வருடம் 1946-இல் ஒரு கடைக்காரர் செய்தது.

சென்டாயில் ஏழு வகை அலங்காரம் வைக்க வேண்டும். வேண்டுதல் எழுதும் வண்ணச் சீட்டு, காகிதக் கொக்கு, பணப்பை, மீன்வலை, தோரணம். ஆறாவது காகிதத்தில் மடித்த சிறிய கிமோனோ. தையல் கை வர வேண்டும் என்பதற்காக! ஏழாவது ஒரு குட்டிக் குப்பைக் கூடை. மற்ற ஆறையும் செய்தபோது விழுந்த துண்டுக் காகிதங்களை அதில் போட்டு, அதையும் கூடவே தொங்க விடுவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தால் காதல் குறைவுதான். பள்ளிக்கூடப் பரீட்சை, பாட்டியின் முழங்கால், கால்பந்துக் குழு. இங்கே யாரும் இதைக் காதலர் தினம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இதே கதைதான், ஆனால் நாள் வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது.

மீனா_தைநான் | 28 ஆகஸ்ட், இரவு 8:15

தைவானில் ஆய்வு மாணவி நான். தைநானில் இந்த நாள் பிள்ளைகளுக்கு உரியது! ஏழாம் அம்மன் என்று சொல்லும்படியான ஒரு தெய்வம், பிறந்தது முதல் பதினாறு வயது வரை பிள்ளைகளைக் காப்பவள். கைலோங் கோயிலில் பதினாறு முடிந்த பிள்ளைகள் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த அம்மன் மண்டபத்தின் அடியில் குனிந்து தவழ்ந்து வெளியே வருவார்கள். அதோடு பெரியவர்கள் ஆனார்கள். பழைய துறைமுகக் கூலிகளின் வழக்கம் அது. பதினாறு வயது வரை பாதிக் கூலி, அதன்பின் முழுக்கூலி. அதனால் வீட்டுக்கே அது பெரிய நாள்.

படையலில் பசையரிசி மாவுப் பலகாரம் ஒன்று வைப்பார்கள். வெள்ளையாக, உருண்டையாக உருட்டி, நடுவில் கட்டை விரலால் ஒரு குழி. நான் தங்கியிருக்கும் வீட்டம்மா செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அடை தட்டும்போது நாம் நடுவில் துளை போடுவோமே, அதுபோல எண்ணெய்க்காக இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். நெசவுப் பெண்ணின் கண்ணீர் விழுந்தால் தேங்கி நிற்க ஒரு இடம். ஒவ்வொரு உருண்டையிலும் அவர் கட்டை விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

கோதை அக்கா, உங்கள் பக்கம்தான் நான். ஆனால் வேறு காரணத்துக்காக. இன்று பரவலாகச் சொல்லப்படும் கதையில், பெண்கள் குளிக்கும்போது மாடு மேய்ப்பவன் அவள் உடையை ஒளித்துவைத்து, வானத்துக்குத் திரும்ப முடியாமல் செய்துதான் கட்டிக்கொள்கிறான். காதலுக்கு இதை முன்மாதிரியாக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நெடுஞ்செழியன்_மதுரை | 28 ஆகஸ்ட், இரவு 10:05

இரண்டு பெண்கள் கேட்ட இரண்டு கேள்வியும் நியாயம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏடு பற்றிக் கோதை அம்மா சொன்னது சரி. அதை நான் பாதிதான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். ஜோடி பழையது, ஆனால் அவர்கள் பெயரில் நல்ல நாள் என்று எதுவும் அப்போது இல்லை.

மீனா அம்மா, உடை திருடுவது பிற்காலத்தில் சேர்ந்த நாட்டுப்புறக் கதைக்கூறு. ஆறாம் நூற்றாண்டில் கிடைக்கும் வடிவத்தில் திருட்டே கிடையாது. வானத்துப் பெண் வருடம் முழுக்க மேகம் போல உடை நெய்கிறாள். தன் முகத்தைக் கூடக் கவனிக்க நேரமில்லை. தகப்பன் இரங்கி ஆற்றின் மேற்கே இருக்கும் மாடு மேய்ப்பவனுக்குக் கட்டிக் கொடுக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தறியைத் தொடவே இல்லை. கோபம் வந்து இருவரையும் பிரித்து, வருடத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விதிக்கிறான்.

இதை எழுதும்போதே எனக்கு ஒன்று உறைக்கிறது. பிரிவுக்குக் காரணமே தறி நின்றதுதான்! இன்னும் பின்னால் போனால், சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ‘ஷிஜிங்’கிலேயே இந்த நட்சத்திரங்கள் வருகின்றன. காதல் இல்லை அங்கே. கிழக்கு நாட்டு மக்கள் வரியும் ஊழியமும் தாங்காமல் புலம்பும் பாட்டு அது. நெசவுப் பெண் நாளெல்லாம் ஏழு முறை இடம் மாறுகிறாள், ஒரு துணியும் நெய்து தரவில்லை. எருதும் பளபளக்கிறது, வண்டி இழுக்கவில்லை. அதாவது மேலே இருப்பவர்கள் பெயருக்கு இருக்கிறார்கள், நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வயிற்றெரிச்சல்.

சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஹான் காலப் பாடலில்தான் அவள் அழ ஆரம்பிக்கிறாள். ஆறு தெளிந்து ஆழமில்லாமல்தான் இருக்கிறது, எதிர்க்கரையும் தூரமில்லை, ஆனாலும் பேச முடியவில்லை. அங்கேயும் அவள் கை தறியில்தான் இருக்கிறது, நாள் முழுக்க நெய்தும் ஒரு கோலம் முடியவில்லை.

ஆக, நெசவு முதலில் வந்தது, காதல் அப்புறம் வந்தது. இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் காதலை அந்த நாளிலிருந்து வெளியே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்திய சொங் காலத்தில் சின் குவான் என்ற கவிஞர், அன்பு நீண்டு நிற்குமானால் தினம் தினம் சேர்ந்திருக்கத்தான் வேண்டுமா என்று இந்த இரவை வைத்தே கேட்டார். கல்யாணம் ஆன புதிதில் வேலைக்காக மூன்று வருடம் நான் வேறு ஊரில் இருந்தேன். மாதம் ஒரு தடவைதான் வீடு. அந்த வரி எனக்குப் படிப்பு விஷயம் மட்டும் இல்லை.

பிரவீன்_குவாங்சோ | 29 ஆகஸ்ட், காலை 10:30

இன்று அந்த நாளே வந்துவிட்டது. குவாங்சோவில் துணி வாங்கி அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். இளைஞர்கள் சார்பாகவும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

இன்று கல்யாணப் பதிவு அலுவலகங்களில் வரிசை நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனும் பெண்ணும் இதற்காகவே இன்று விடுப்பு எடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி 14 வெளியிலிருந்து வந்தது, இது எங்கள் சொந்த வானத்து நாள் என்பது அவர்கள் பேச்சு. 2006-இல் சீன அரசு இந்த நாளைத் தேசிய மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காலத்தையொட்டித்தான் ‘காதலர் தினம்’ என்ற பெயரும் நன்றாகப் பரவியது. பெயர் புதிது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வியாபாரம் புதிதில்லை. சொங் தலைநகர் கைஃபெங்கில் ஏழாம் இரவுக்கு முந்திய நாட்களில் சந்தைத் தெருவில் வண்டி நகர முடியாத கூட்டம் என்று அந்தக் காலத்து நகரக் குறிப்பு சொல்கிறது. விற்றது களிமண் குழந்தைப் பொம்மைகள். சிலவற்றுக்குப் பொன்னும் முத்தும் பதித்த அலங்காரம். அந்தப் பொம்மைபோல் தெருப் பிள்ளைகளும் தாமரை இலையைக் கையில் பிடித்துக்கொண்டு திரிவார்களாம். எனவே கடைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

அதே சமயம் கோதை அக்கா, நீங்கள் சொன்னது இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே தியான்ஹே வட்டாரத்தில் ஜூசுன் என்று ஒரு ஊர். இந்த நாட்களில் அங்கே குலமண்டபத்தில் நீளமான மேசை போட்டு, எள், அரிசி, முத்துமணி, கம்பி இதையெல்லாம் ஒட்டிச் செய்த குட்டிக் கோபுரம், குட்டி நாற்காலி, குட்டிச் செருப்பு என்று அடுக்குகிறார்கள். பல வருடம் நின்று போயிருந்ததை ஊர்ப் பாட்டிகள்தான் மறுபடி தொடங்கினார்கள். நேற்று மாலை போய்வந்தேன். ஒரு விரல் நகம் அளவு செருப்பில் பூ, பூவுக்குள் மகரந்தம். முளைவிட்ட நெல் நாற்றைத் தட்டில் வளர்த்து, சிவப்புக் காகிதம் சுற்றி நடுவில் வைத்திருந்தார்கள். நம் முளைப்பாரி ஞாபகம் வந்துவிட்டது.

ஏழாம் இரவில் பிடித்த தண்ணீர் கெடாது, மருந்தாகும் என்று குடத்தில் நிரப்பி வைக்கும் பழக்கமும் இந்தப் பக்கம் உண்டு.

சுமதி_ஈரோடு | 29 ஆகஸ்ட், இரவு 11:50

இன்று இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

மதியம் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மாடியில் வைத்தேன். ஆரி ஊசி சரிப்படாது, பிடி இருக்கிறது, முனையில் கொக்கி வேறு. அதனால் சாதாரணத் தையல் ஊசி. முதல் மூன்று தடவை மூழ்கிவிட்டது. அப்புறம் மெல்லிய காகிதத் துண்டின்மேல் ஊசியை வைத்து, காகிதத்தைத் தண்ணீரில் விட்டேன். காகிதம் நனைந்து கீழே போனது, ஊசி நின்றுகொண்டது. ஊசியின் இரண்டு பக்கமும் தண்ணீர் லேசாகக் குழிந்து, மெத்தையில் படுத்த மாதிரி இருந்தது.

நிழலைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஊசியின் நிழல் ஊசி மாதிரி இல்லவே இல்லை! ஊசியைவிடப் பல மடங்கு அகலமாக, நடுவில் பருத்து, ஓரம் முழுக்க வெள்ளி ஜரிகை வைத்ததுபோல ஒளிக்கோடு. காற்று வந்து தண்ணீர் அசைந்ததும் மாவிலை மாதிரி ஆனது, பிறகு ரெண்டாகப் பிளந்தது. அதே நேரம் வந்த என் மகள் “கத்தரிக்கோல்” என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபது வருடமாகக் கையில் ஊசி பிடிக்கிறேன், ஒரு நாளும் அதன் நிழலைப் பார்த்ததில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் ஏழு ஊசியை வரிசையாகப் பிடித்து நூல் கோத்தேன். கண்ணாடி போட்டும் நாலுதான் முடிந்தது. மகள் ஏழும் கோத்துவிட்டாள். வானம்பாடி அண்ணா, வடக்கே மேகம். காவடி மட்டும் தெரிந்தது. மூன்றும் ஒரே கோட்டில், நீங்கள் சொன்னபடியே.

வானம்பாடி_கரூர் | 30 ஆகஸ்ட், காலை 7:15

சுமதி அம்மா, அந்த ஒளிக்கோடுக்குக் காரணம் நீங்கள் சொன்ன குழிவுதான். தண்ணீரின் மேல்தோல் ஊசியின் எடையில் வளைகிறது. வளைந்த இடத்தில் விழும் வெளிச்சம் வெளிப்பக்கமாக ஒதுங்கி, ஓரத்தில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் நிழல் அகலம், ஓரம் பளிச். தண்ணீரை வெயிலில் வைத்து ஆடை படியவிட்டதும் ஊசி நிற்பதற்காகத்தான். அந்தப் பெண்கள் இதையெல்லாம் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இங்கே ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வானம் வழிவிட்டது. ஊருக்கு வெளியே காவிரிக்கரைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நிலா அதற்குள் இறங்கியிருந்தது, கொஞ்ச நேரத்தில் வானத்து ஆறு தெரிந்தது.

கோதை_சிங்கை | 30 ஆகஸ்ட், மாலை 6:40

சுமதி எழுதியதை ஆன்ட்டிக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். நாலு ஊசி கோத்தது போதும், கெட்டிக்காரி என்றார். மகளுக்குத் தனியாக வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

நெடுஞ்செழியன் ஐயா, உங்கள் மூன்று வருடத்தைப் படித்த பிறகு ‘காதலர் தினம் இல்லவே இல்லை’ என்று நான் முதலில் நினைத்ததைத் திருத்திக்கொள்கிறேன். பிரிந்திருந்தவர்கள் சந்திக்கிற நாள் என்றால் எனக்குச் சம்மதம். இங்கே கட்டுமான இடங்களில் வேலை பார்க்கும் நம் பையன்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறார்கள். விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன் அந்த முகங்களை. ஆனால் விளம்பரத்தில் அந்த ஊசியும் நூலும் ஒரு ஓரத்திலாவது இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஆன்ட்டி நேற்று இரவு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பெரியம்மா விட்டுப்போனது. உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு, என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. சிவப்புப் பட்டு மங்கிப் பழுப்பாகிவிட்டது, பூவேலையில் ஒரு தையல்கூட விடவில்லை. ஒரு செருப்பின் உள்ளே ஊசி ஒன்று துருப்பிடித்துக் குத்தியபடியே இருந்தது, நூலோடு. வேலை முடிந்து மறந்துவிட்டாரா, முடியவில்லையா என்று ஆன்ட்டிக்கும் தெரியவில்லை. நாங்கள் அதை எடுக்கவில்லை, அப்படியே வைத்து மூடிவிட்டோம்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 19-இல் வருகிறது. எங்கள் பொது மண்டபத்தில் ஒரு மேசை கேட்டிருக்கிறேன். சுமதி, உங்கள் ஆரி வேலையில் ஒரு சிறு துண்டு அனுப்ப முடியுமா?